வாய்க்கால் பாலத்தின் வெடித்த தூண்கள்

வாய்க்கால் பாலத்தின் தூண்கள் கட்டிய ஆறே வருடத்தில் வலை விரித்தாற்போல் வெடித்தன. தலைமைப் பொறியாளர் சபாபதிநாதன் பழி போட ஆள் தேடினார். அன்று கான்கிரீட் வெடிக்காமல் இறுகத் தண்ணீர் ஊற்றிய, இன்றும் அங்கேயே கூலி வேலை பார்க்கிற வேலாத்தா அகப்பட்டாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரியின் முன்னால் சபாபதிநாதன் அவளிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"நீ தண்ணி ஒழுங்கா விடலைன்னு எழுதியிருக்கேன். கைநாட்டு வெச்சுட்டு வேலையை விட்டுப் போ."

"வெச்சுடறனுங்க சாமி. இன்னொண்ணும் சேர்த்து எழுதிக்குங்க. கரைமேல நிக்கிற தூணுக்கும் நாந்தானுங்க ஊத்துனேன். அதே கலவை, அதே நாளு. அதுல ஒரு கீறல் இல்லீங்க. வெடிச்சதெல்லாம் ஆறு வருசமா தண்ணிக்குள்ளயே நிக்கிற தூணுங்க. அதுகளுக்குத் தண்ணி பத்தலைன்னு எழுதுங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு வெடித்த தூணில் ஒரு சில்லைப் பெயர்த்துப் பார்த்தார். ஜல்லியைச் சுற்றி வெள்ளைப் பசை கசிந்திருந்தது. சிமெண்டின் காரம் பட்டால் பசையாகிற கல் அது. அந்தப் பசை தண்ணீரை உறிஞ்சி உப்பித் தூணைப் பிளந்திருந்தது. கரைத் தூணிலும் அதே கல்தான். அங்கே பசை உப்புவதற்குத் தண்ணீர் கிடைக்கவில்லை.

"இந்த ஜல்லியைச் சோதிக்காம எடுக்கச் சொன்னது யாரு?"

கோப்பில் சபாபதிநாதனின் உத்தரவு இருந்தது.

மறுநாள் வேலாத்தா வேலைக்கு வந்தாள். சபாபதிநாதன் வரவில்லை.