துளசிமணியும் ஆறு மணி பஸ்ஸும்

மலைக்குக் கீழ ஒரு ஊரு இருந்துச்சு கண்ணு. அந்த ஊர்ல துளசிமணின்னு ஒருத்தி. போர்வைய நல்லா இழுத்துக்கோ. ம்... அவளுக்குக் குரலே எழும்பாது. கடையில நின்னு "அரைக் கிலோ ரவை"ன்னு கேட்டாக்கூட, கடைக்காரரு ரெண்டு தடவ "என்னம்மா?"ம்பாரு.

அவளுக்கு நாப்பது வயசுல மொத மொதல்ல ஒரு வேலை கெடச்சுச்சு. மலை மேல தேயிலைத் தோட்டத்து பால்வாடியில ஆயா வேலை. கொழுந்து பறிக்கப் போற அம்மாமாருங்க புள்ளைங்கள அங்க விட்டுட்டுப் போவாங்க. எட்டு மணிக்கெல்லாம் இவ கதவத் தெறக்கணும். சாவி இவகிட்ட மட்டுந்தான். ஆறு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது ஏழரைக்கு.

அப்போ மார்கழி மாசம். மேல போகப் போக புல்லெல்லாம் உப்பு தூவுன மாதிரி உறைபனி.

மொத நாளு என்னாச்சு? ஒரே மூடுபனி. இவ நிக்கிறது டிரைவருக்குத் தெரியல, விர்ர்ர்ருன்னு போயிட்டாரு. அப்புறம் ஏழரை பஸ்ஸப் புடிச்சு ஓட்டமும் நடையுமா போனா... ஏழு புள்ளைங்க படியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு. கிடுகிடு கிடுகிடுன்னு பல்லு அடிக்குது. அதுல குட்டிப் புள்ள வேணிக்கு மூக்கெல்லாம் செவந்து போச்சு.

அழுதாளான்னு கேக்குறியா? அழுதா கண்ணு. அழுதுக்கிட்டே அடுப்பப் பத்த வச்சு, பால் காய்ச்சிக் குடுத்தா.

ரெண்டாம் நாளு ரோட்டுக்கே போயி நின்னு கைய ஆட்டுனா. பஸ் நின்னுச்சு, ஏறிட்டா. உள்ள பாத்தா நெருக்கியடிக்குது கூட்டம். அவ எறங்குற எடம் வந்துச்சு. "எறங்கணும்... எறங்கணும்..."ங்கிறா. யாரு காதுலயும் விழல. பஸ்ஸு பாட்டுக்கு ரெண்டு ஸ்டாப்பு தள்ளிப் போயி விட்டுச்சு. திரும்பி நடந்து வர்றதுக்குள்ள எட்டரை. படியில புள்ளைங்க, பக்கத்துல தோட்டத்து மேஸ்திரி.

"நாளைக்கும் இப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேம்மா"ன்னாரு. அவரு கத்தல. தன் மப்ளரக் கழட்டி வேணி தலையில சுத்தி விட்டுருந்தாரு. அதான் இவளுக்கு இன்னும் வலிச்சுது.

முழிச்சிருக்கியா? ம்...

மூணாம் நாளு ஏறினதும் கண்டக்டர் போஜன் பக்கத்துலயே நின்னுக்கிட்டா. பாதி மலை ஏறியாச்சு. அப்போ பாரு, பனி அப்படியே வெள்ளத் துணி மாதிரி கண்ணாடிய மூடிக்கிச்சு. கீச்ச்ச்! டிரைவர் ஓரங்கட்டிட்டாரு.

"ரோடே தெரியல. பனி விலகட்டும்."

எல்லாரும் சால்வைய இழுத்துப் போத்திக்கிட்டுக் கண்ண மூடிட்டாங்க. துளசிமணி மட்டும் கையில இருந்த சாவியப் பாத்தா. "ஏழு புள்ளைங்க..."ன்னா. யாரும் திரும்பல. அப்புறம் எங்கிருந்து வந்துச்சோ அந்தக் குரலு!

"ஏழு புள்ளைங்க குளிர்ல நிக்கப் போகுதுங்க! நான் முன்னால நடக்கறேன், வண்டிய எடுங்க!"

தூங்குனவங்க எல்லாம் திடுக்குன்னு எந்திரிச்சுட்டாங்க. போஜன் டார்ச்ச எடுத்து அவ கையில குடுத்தாரு. "நீங்க பள்ளத்துப் பக்கம் பாருங்க, நான் மலைப் பக்கம் வர்றேன்"னு அவரும் எறங்கினாரு.

அவ முன்னால நடக்குறா, பஸ்ஸு பின்னால ஊந்து ஊந்து வருது. "வரலாம்... வரலாம்... இந்தப் பக்கம் பள்ளம்! ஸ்டியரிங்க அந்தப் பக்கம் ஒடிங்க!" கால் வெறைச்சுப் போச்சு, ஆனா குரல் மட்டும் நிக்கல. ஒரு வளைவு... ரெண்டு வளைவு... மூணாவது வளைவுல பனி லேசா விலகி ரோடு தெரிஞ்சுச்சு.

டிரைவர் ஸ்டாப்புல நிறுத்தல, பால்வாடி வாசல்லயே கொண்டு போயி நிறுத்துனாரு. மணி எட்டு. அப்பத்தான் அம்மாமாருங்க புள்ளைங்களோட வந்துக்கிட்டிருந்தாங்க. துளசிமணி ஓடிப்போயி, மரத்துப்போன வெரலால சாவியத் திருகினா. கிளிக்!

ஆனா பஸ்ஸு கெளம்பல. உள்ள இருந்தவங்க எல்லாம் ஜன்னல் கண்ணாடியத் தொடைச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருக்காங்க. எல்லாருக்கும் வேலைக்கு நேரமாச்சு, ஆனாலும் ஒருத்தரும் வண்டிய எடுக்கச் சொல்லல. ஒண்ணு, ரெண்டு, மூணு... கடைசியா வேணியும் உள்ள போனப்புறந்தான் போஜன் விசில் ஊதினாரு.

அவ்ளோதான் கண்ணு. புள்ளைங்க எல்லாம் கதகதன்னு உள்ள போயாச்சு, கதையும் போயாச்சு. நீயும் கண்ண மூடு.