மகனே என்று கூப்பிட்டவன்

டோச்ட்லி பழங்கால மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் இனத்துப் படைவீரன். எதிரியைக் கொல்லாமல் உயிரோடு பிடிப்பதுதான் அவர்களிடம் பெரிய வீரம். பிடித்த கையோடு அவனை "என் அன்பு மகனே" என்று கூப்பிட வேண்டும். பிடிபட்டவன் "அப்பா" என்பான். திருவிழா வரைக்கும் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டு, அன்றைக்குக் கோயில் படியேற்றிச் சூரியனுக்குப் பலி கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் மறுநாள் சூரியன் உதிக்காதாம். மகனே என்று கூப்பிட்டுவிட்டு எப்படி மனசு வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். வழக்கம் அப்படி.

டோச்ட்லி பிடித்து வந்தவன் பெயர் மசாட்ல். வந்த இடத்தில் சும்மா இருந்திருக்கக் கூடாதா, பாவி? டோச்ட்லியின் சின்ன மகளுக்கு மண்ணில் நாய்க்குட்டி செய்து கொடுத்தான். அவள் "அண்ணா, அண்ணா" என்று அவன் மடியை விட்டு இறங்கவே இல்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் டோச்ட்லி தன் குருவிடம் ஓடினான். குரு அகாட்ல் அந்தக் கோயில் பூசாரி. பலி கொடுப்பதும் அவர்தான்.

"சாமி, என்னால முடியல. வாய் வார்த்தைக்குத்தான் மகனேன்னு கூப்பிட்டேன். இப்ப நெஜமாவே மகனாயிட்டான்."

கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த குரு அதைக் கீழே வைத்தார்.

"காவலுக்கு யாரு?"

"நான்தான்."

"அப்ப கால் கயித்தை அவிழ்த்து விடு. ஊருக்கு ஓடிப் போகட்டும்."

டோச்ட்லிக்குக் காதை நம்ப முடியவில்லை. விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டான்.

"போக மாட்டேங்கறான் சாமி."

"என்ன சொல்றான்?"

"'எங்க ஊர்ல நானும் ரெண்டு பேரை மகனேன்னு கூப்பிட்டிருக்கேன் அப்பா. ரெண்டு பேரும் தாங்களேதான் படியேறினாங்க. இப்ப நான் மட்டும் ஓடினா, செத்த பிறகு அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?'னு கேக்கறான்."

குரு கத்தியை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் மசாட்ல் படியேறினான். குரு தன் வேலையைச் செய்தார்.

பலியானவன் சதையில் ஒரு பங்கு பிடித்தவன் வீட்டுக்கு வரும். சொந்தக்காரர்கள் சோளத்தோடு வேகவைத்துச் சாப்பிடுவார்கள். பிடித்தவன் மட்டும் தொட மாட்டான். பெற்ற பிள்ளையைத் தானே தின்பானா ஒருத்தன்? டோச்ட்லி வெளியே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். குரு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவன் போக மாட்டான்னு உங்களுக்குத் தெரியும்தானே சாமி?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அவிழ்த்துவிடச் சொன்னீங்க? ஆசை காட்டி என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டீங்களே!"

"கத்தி என் கைக்கு வந்த நாள்லேர்ந்து, அழுதுக்கிட்டு வர்ற எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்றேன். ஒருத்தன்கூட ஓட மாட்டேங்கறானே."

டோச்ட்லி அழுகையை நிறுத்திவிட்டுப் பயத்தோடு அவரைப் பார்த்தான்.

"ஓடிட்டா? மறுநாள் சூரியன் உதிக்குமா சாமி?"

"எனக்கு என்னப்பா தெரியும்? சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது பார்த்துடணும்."