வளைகுடா வழியாகக் கிள்ளானுக்கு

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஆவுடையம்மாவின் தியான இல்லம் இருக்கிறது. ஒரு கூடம், நாலைந்து அறைகள், சுற்றிலும் எலுமிச்சை மரங்கள். அம்மாவுக்கு ஐம்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த பூவராகனுக்கு அறுபத்திரண்டு. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். போகவில்லை.

அவர் "அம்மா" என்பார். அம்மா அவரை "ஐயா" என்பார்.

அம்மாவின் பேச்சைக் கேட்க வெளிநாடுகளிலும் ஆட்கள் இருந்தார்கள். கூப்பிட்டால் அம்மா போவார். டிக்கெட் எடுப்பதும் கூடப் போவதும் பூவராகன் பொறுப்பு.

முதல் பயணத்திலேயே அவர் ஒன்றைப் பார்த்தார். விமானத்தில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் சீட்டின் முதுகைப் பிடித்தபடி நடைவழியில் நின்றிருந்தார்.

"என்னம்மா, நிக்கிறீங்க?"

"கால் முட்டை மடக்க முடியலய்யா. நின்னா தேவலை."

அப்போது முன்பக்கத் திரை விலகியது. அங்கே இருந்தவர்கள் சீட்டைப் படுக்கையாக்கி, காலை நீட்டி, போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். பூவராகன் அதைப் பார்த்தார். திரும்பி அம்மாவைப் பார்த்தார். அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துவிட்டார்.

படுக்கை சீட்டின் விலையைக் கேட்டால், அந்தக் காசில் இல்லத்தின் அடுப்பு ஒரு வருடம் எரியும். அதனால் அவர் வேறு வழி தேடினார். விமான நிறுவனம் பாயின்ட் கொடுத்தது. பறந்தால் பாயின்ட். அவர்களுடைய கிரெடிட் கார்டில் அரிசி வாங்கினால் பாயின்ட், மின்கட்டணம் கட்டினால் பாயின்ட். போதுமான அளவு சேர்ந்தால் காசில்லாமல் டிக்கெட்.

சில மாதங்களில் பூவராகன் அதில் கரை கண்டுவிட்டார். காலையில் தியானத்துக்கு உட்காரும் முன் போனைத் திறந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். எலுமிச்சை வாங்க வந்த வியாபாரியைக்கூட அவர் விடவில்லை.

"அவசரப்பட்டுச் செலவு பண்ணக் கூடாதுங்க. பக்கத்து ஊருக்குப் போற சின்ன டிக்கெட்டுக்குக் கொடுத்தா பாயின்ட் வீண். ரொம்ப தூரம் போகணும், படுக்கை சீட்டா இருக்கணும். அப்பத்தான் முழு மதிப்பு."

"அதுவரைக்கும்?" என்றார் வியாபாரி.

"சேர்க்கணும்."

டொரொண்டோவில் அம்மாவின் தங்கை இருந்தார். அடுத்த கோடையில் அம்மாவைப் படுக்கை சீட்டில் அங்கே அழைத்துப் போவது என்று பூவராகன் திட்டம் போட்டார். சீக்கிரம் சேர வேண்டும் என்றால் தூரம் கூட வேண்டும். அதனால் அம்மாவின் பயணங்கள் நீண்டன. சிங்கப்பூருக்கு வளைகுடா வழியாகப் போனார்கள். கொழும்புக்குக்கூட டெல்லி போய்ச் சுற்றித்தான் போனார்கள்.

ஒருமுறை காலை விமானத்தில் ஜன்னல் பக்கம் இருந்த அம்மா கேட்டார்.

"ஐயா, கிழக்கேதானே போறோம்?"

"ஆமாம்மா."

"சூரியன் முதுகுப் பக்கம் இருக்கே?"

"இப்படிச் சுத்திப் போனா பாயின்ட் ஜாஸ்திம்மா."

"சரிய்யா" என்று எழுந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் மலேசியாவிலிருந்து போன் வந்தது.

கமலவேணி என்பவர் இல்லம் தொடங்கிய நாளிலிருந்து அம்மாவோடு இருந்தவர். அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள். சில வருடங்களுக்கு முன், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது இதயத்தில் அடைப்பு. சனிக்கிழமை காலை அறுவை சிகிச்சை.

"ஆவுடை, எனக்குப் பயமா இருக்கு. உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி நீ வந்து கையைப் பிடிச்சுக்கோ. அது போதும்."

"வாரேன்" என்றார் அம்மா.

பூவராகன் போனை எடுத்துக்கொண்டு எலுமிச்சை மரத்தடிக்குப் போனார். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேராக விமானம் இருந்தது. ஏறி உட்கார்ந்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஊர் வந்துவிடும். ஆனால் அது வேறு நிறுவனம், ஒரு பாயின்ட்கூடக் கிடைக்காது. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகப் போனாலும் சனிக்கிழமை விடியற்காலை போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த ஒரு பயணத்தோடு கனடாவுக்கு வேண்டியது சேர்ந்துவிடும். கமலவேணி எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருப்பார் என்று தெரியாததால், போகிற டிக்கெட் மட்டும் எடுத்தார்.

"ஐயா, சீக்கிரம் போற வழிதானே?" என்று அம்மா கேட்டார்.

"நேரத்துக்குப் போயிடலாம்மா" என்றார் பூவராகன்.

வெள்ளிக்கிழமை காலை வளைகுடா நகரத்தில் இறங்கிய சற்று நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் போயிற்று. புழுதிக் காற்று. வானமும் தரையும் ஒரே செம்மண் நிறம். அவர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய விமானம் இறங்க முடியாமல் வேறு ஊருக்குப் போய்விட்டது. இனி மறுநாள்தான் என்று அறிவித்தார்கள்.

அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் கொடுக்கும் தங்க நிற அட்டை பூவராகன் கையில் இருந்தது. அதைக் காட்டியதும் லவுஞ்சு என்கிற ஓய்வுக் கூடத்துக்குள் விட்டார்கள். மெத்தை நாற்காலிகள், பேரீச்சம்பழம், ஏலக்காய் மணக்கும் காப்பி. அம்மா எதையும் தொடவில்லை. பூவராகனும் தொடவில்லை. ஜன்னலருகே போய் நின்று புழுதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் போன் ஒலித்தது.

"எங்க இருக்க?" கமலவேணியின் குரல் பூவராகனுக்கும் கேட்டது.

அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"அங்க ஏன் போன?"

"வழியில இருக்கு" என்றார் அம்மா.

 "வந்துருவல்ல?" என்று கேட்டது குரல்.

"வந்துக்கிட்டே இருக்கேன், கமலம்."

பூவராகனுக்கு அங்கே நிற்க முடியவில்லை. நேராக டிக்கெட் கவுன்ட்டருக்குப் போனார். அங்கே ஷைனி என்ற மலையாளப் பெண் இருந்தாள்.

"கோலாலம்பூர் போகணும்மா. இன்னைக்கே. எந்த ப்ளேனா இருந்தாலும் பரவாயில்லை."

அவள் தட்டிப் பார்த்தாள். "எங்கட கூட்டுக் கம்பெனி ப்ளேன் ஒண்ணு இங்கேயே நிக்குது. காத்து அடங்கினா சாயங்காலம் கிளம்பும். ஒரே ஒரு சீட்டு உண்டு சாரே. கடைசி வரிசை. நடு சீட்டு."

விலையைச் சொன்னாள். அந்தத் தொகை இல்லத்துக் கார்டுக்கு எட்டாது.

"பாயின்ட்ல எடுக்கலாமா?"

"எடுக்கலாம்." மறுபடி தட்டினாள். முகம் சுளித்தாள். "வேண்டா சாரே. கடைசி நேரம், ரொம்பக் கேக்குது. சாரோட பாயின்ட் மொத்தமும் போகும். இத்தனை பாயின்ட்டுக்குப் படுக்கை சீட்டில கனடா வரை போகலாம்."

"தெரியும்மா."

"ரெண்டு நாள் பொறுத்தா இதே சீட்டு கால் பங்குக்குக் கிட்டும். இது வெறும் நஷ்டம்."

"நானும் எல்லார்கிட்டயும் அப்படித்தாம்மா சொல்லுவேன். நீ போடு."

"சாருக்கா?"

"இல்ல. அம்மாவுக்கு."

அவள் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினாள்.

பூவராகன் போர்டிங் பாஸோடு ஓடி வந்தார்.

"அம்மா, ஒரு சீட்டு கெடச்சிருக்கு. கடைசி வரிசை, நடுவுல. முட்டுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்."

"நீங்க?"

"நாளைக்கு நம்ம ப்ளேன்ல வரேன்."

"காசு ஏதுய்யா?"

"பாயின்ட்."

"எல்லாமா?"

"எல்லாம்தாம்மா."

"என் தங்கச்சியப் பாக்கப் போகலாம்னீங்களே? கனடா?"

"கனடா எங்கம்மா ஓடிப்போகப் போகுது? நீங்க கிளம்புங்க."

அம்மா சிரித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலை லேசாக இழுத்தபடி நடந்து போனார்.

சாயங்காலம் காற்று அடங்கியது. முதலில் கிளம்பிய விமானங்களில் ஒன்று அம்மாவுடையது. அது ஓடி, மூக்கைத் தூக்கி, மேலே போவதைப் பூவராகன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பழக்கத்தில் போனைத் திறந்தார். பாயின்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம் இருந்தது. நெஞ்சு பதறும் என்று நினைத்தார். பதறவில்லை. போனைப் பைக்குள் போட்டார். திடீரென்று பசித்தது. ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழம் எடுத்துவந்து, ஒவ்வொன்றாக, கொட்டையை நன்றாகச் சப்பித் துப்பியபடி சாப்பிட்டார். காப்பி குடித்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனார். எத்தனையோ மாதமாக அவர் அப்படித் தூங்கியதில்லை.

மறுநாள் மாலை கோலாலம்பூரில் இறங்கிப் போனைப் போட்டதும் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. கமலவேணியின் மருமகள் யோகேஸ்வரி மலேசியத் தமிழில் பேசியிருந்தாள்.

"அங்கிள், ஆப்பரேஷன் முடிஞ்சிருச்சு. அத்தை நல்லா இருக்காங்க லா. அம்மா இங்கதான் இருக்காங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கே வந்துருங்க."

பூவராகன் பெட்டிகள் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் அப்படியே நின்று அதை இரண்டாவது முறை கேட்டார். பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர், "ஓகே?" என்று விசாரித்தார். பூவராகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓகே, ஓகே" என்றார்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் கமலவேணி கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் எந்திரம் ஒரே சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா வெளியே வராந்தா பெஞ்சில் இருந்தார். பூவராகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நேரத்துக்கு வந்துட்டீங்களாம்மா?"

"வந்துட்டேன். கையைக் குடுத்தேன். வாசல் வரைக்கும் விடவே இல்லய்யா. நர்சுதான் ஒவ்வொரு விரலா எடுத்து விட்டுச்சு."

"பயந்தாங்களா?"

"கொஞ்சம். அப்புறம் என்னைப் பாத்து, 'உன் கை ஏன் இப்படிக் காஞ்சு கெடக்கு, எண்ணெய் தேய்க்கிறது இல்லையா'ன்னு திட்டிச்சு. திட்டிக்கிட்டேதான் உள்ள போச்சு."

இருவரும் சிரித்தார்கள்.

"ப்ளேன்ல முட்டு எப்படிம்மா?"

"கடைசி வரிசைதானே. பின்னால நிக்க எடம் நெறைய இருந்துச்சு."

பூவராகனின் சிரிப்பு அடங்கியது. வராந்தாவில் ஒருவர் தள்ளுவண்டியில் சாப்பாட்டுத் தட்டுகளைக் கொண்டு போனார். அந்தச் சத்தம் தேயும் வரை அவர் காத்திருந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"திருச்சியிலேருந்து இங்க நேரா ப்ளேன் இருந்துச்சு. நாலு மணி நேரந்தான். சீக்கிரம் போற வழிதானேன்னு நீங்க கேட்டீங்க. நான் சொல்லல."

அம்மா அவரைப் பார்த்தார். பூவராகன் தரையைப் பார்த்தார். அவருடைய கைகள் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன. அம்மா தன்னைப் போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தார். சொன்னால் போய்விடுவது என்றும் நினைத்தார்.

"இப்பவும் இருக்கா, அந்த ப்ளேன்?" என்றார் அம்மா.

"இருக்கும்மா. தினமும் இருக்கு."

"நாம ஊருக்குத் திரும்பறப்போ?"

"அதுலதாம்மா. வர்ற வழியிலயே காசு கட்டி ரெண்டு சீட்டு எடுத்துட்டேன். தேதியை மாத்திக்கலாம். சாதாரண சீட்டுதான். பாயின்ட் ஒண்ணும் வராது."

"நேரா போகுமா?"

"நேரா போகும்மா."

எதிரே இருந்த காலி நாற்காலியை அம்மா கையால் இழுத்தார். வலிக்கிற காலைத் தூக்கி அதன்மேல் நீட்டினார். சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்பாடா" என்றார்.