வாயில் ஒரு மிடறு தண்ணீர்

கோதண்டபாணி தன் மனைவி வேதவல்லியை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவள் தலையாட்டினாள்.

இருதய அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போக ஆள் வந்து நின்றிருந்தான். கோதண்டபாணியின் கையில் ஒரு கோடு போட்ட தாள். வீட்டில் இருந்த இரண்டு காப்பீட்டு பாலிசிகளில் எதில் எவ்வளவு கிடைக்கும், எந்தச் செலவு கையிலிருந்து போகும் என்று அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். பதினான்கு வரிசை. முப்பத்தோரு வருடம் வங்கியில் வேலை பார்த்த கை. அவள் பயப்படக் கூடாதென்று ஒவ்வொரு வரிசையாகப் படித்துக் காட்டினார்.

ஏழாவது வரிசையில் அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

“இரு, அதெல்லாம் பதினொண்ணாவதுல வருது” என்றார்.

பதினான்கும் முடிந்தது.

“புரிஞ்சுதா வேதா?”

“புரிஞ்சுதுங்க.”

தலையாட்டினாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பி வரவில்லை.

ஆறு வருடம் கழித்து அவர் திருச்சியில் ஒரு நுகர்வோர் சங்கத்துக்குப் போக ஆரம்பித்தார். எந்த மருத்துவக் காப்பீடு யாருக்கு ஏற்றது என்று ஜனங்கள் ஒப்பிட்டுப் பார்க்கிற அட்டவணையைத் தயார் செய்கிற வேலை. சம்பளம் கிடையாது. டீ உண்டு.

அங்கே அட்டவணைகளைச் சோதிக்கிறவள் ரஹ்மத்நிஷா. அவருக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். அட்டவணையை வெளியிடும் முன்பு, பாலிசி எடுக்கப் போகிற யாரையாவது கூட்டி வந்து படிக்க வைப்பாள். பக்கத்தில் பேசாமல் இருப்பாள். அவ்வளவுதான் அவள் வித்தை. முதல் வாரம் அவளைக் கிண்டலாக ‘டீச்சரம்மா’ என்று கூப்பிட்டார். மூன்றாவது மாதம் கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஒருநாள் அவளிடம் கேட்டார்.

“டீச்சரம்மா, படிக்கிறவங்க எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்றாங்க. அப்புறம் தனக்கு ஆகாததை எடுத்துட்டு வந்து நிக்கிறாங்க. என் கட்டத்துல என்ன கோளாறு?”

“நாளைக்கு ஒரு அம்மா வராங்க சார். வாங்க.”

மறுநாள் வந்தவர் மரியபுஷ்பம், பள்ளிக்கூட ஆயா. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். அந்த வாரமே பாலிசி எடுக்கப் போகிறவர்.

நிஷா ஒரு டம்ளர் தண்ணீரைக் கோதண்டபாணியிடம் நீட்டினாள்.

“தாகம் இல்லம்மா.”

“குடிக்கறதுக்கு இல்ல சார். வாயில வச்சுக்குங்க. அவங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது.”

“எல்கேஜி பிள்ளையா நான்?”

“டீச்சரம்மான்னு கூப்பிடத் தெரியுதுல்ல? சொன்னதைச் செய்யுங்க.”

மரியபுஷ்பம் சிரித்துவிட்டார். “ஐயோ பாவம், சாரைப் போய் இந்தப் பாடு படுத்துறியேம்மா.”

கோதண்டபாணி கன்னம் உப்ப உட்கார்ந்தார். மரியபுஷ்பத்தின் விரல் வரிசை வரிசையாக இறங்கியது. ‘காத்திருப்புக் காலம்’ என்ற இடத்தில் நின்றது. மேலே போனது, திரும்ப வந்தது. உதடு அசைந்தது. பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

எப்போதும் அந்த நொடியில்தான் அவர் “அது ஒண்ணுமில்லம்மா” என்று ஆரம்பித்து முழுவதையும் ஒப்பித்துவிடுவார். இன்றைக்குத் தண்ணீர் விடவில்லை.

பெரிய மனுஷன் இவ்வளவு பாடுபட்டு எழுதியிருக்கிறாரே என்று மரியபுஷ்பம் நினைத்திருப்பார் போல. தலையாட்டினார்.

“புரிஞ்சுது சார். அழகா போட்டிருக்கீங்க.”

“எதைம்மா எடுப்பீங்க? விரல் வச்சுக் காட்டுங்க” என்றாள் நிஷா.

விரல் கடைசிப் பாலிசியில் போய் உட்கார்ந்தது.

“ஏன் இது?”

“மத்ததுல பன்னெண்டு மாசம், இருபத்துநாலு மாசம்னு போட்டிருக்கு. இதுலதானே முப்பத்தாறு? மூணு வருஷம் சர்க்கரைக்குப் பாத்துக்குவாங்க.”

முப்பத்தாறு மாதம் சர்க்கரைக்கு ஒரு பைசா தரமாட்டார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். கோதண்டபாணி தண்ணீரை விழுங்கினார்.

நிஷா எடுத்துச் சொன்னாள். விரல் பன்னிரண்டு மாதத்துக்கு நகர்ந்தது. “இதை இப்படியே எழுதியிருக்கலாமே சார்” என்று சொல்லிவிட்டு மரியபுஷ்பம் கிளம்பினார்.

கோதண்டபாணி எழுந்திருக்கவில்லை.

“டீச்சரம்மா, அந்தத் தலையாட்டலை நான் முன்னாடியே பாத்திருக்கேன்.”

நிஷாவுக்கு அந்த ஆஸ்பத்திரிக் கதை தெரியும். முன்பே ஒருநாள் சொல்லியிருந்தார்.

“நானா படிச்சுக்கிட்டே போனேன். நடுவுல ஏதோ கேக்க வந்தா. அன்னிக்கு என் வாயில ஒரு மிடறு தண்ணி இருந்திருந்தா கேட்டிருப்பா.” அட்டவணைத் தாளைப் பார்த்தார். “அவளுக்கும் புரியலைதானே?”

நிஷா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

“தலையாட்டினப்போ அவங்க எதைப் பாத்தாங்க சார்? தாளையா, உங்களையா?”



சங்கத்தின் அட்டவணையில் இப்போது நான்கே வரிசைதான். வேதவல்லிக்குப் போட்ட தாள் வீட்டு பீரோவில் அவள் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அதில் அவள் கேட்க வாயெடுத்த ஏழாவது வரிசை, நோயாளிக்குத் துணையாக இருப்பவரின் சாப்பாடும் படுக்கையும்.