துவரைப் புழுவும் மந்திரியாரும்

செங்காட்டு நாட்டு ராஜா அறவாழிக்குப் புண்ணியம் சேர்க்க ஆசை. ஆனால் கையை விட்டு எதுவும் போகக் கூடாது. அதனால், "வயலில் புழு பூச்சியைக் கூடக் கொல்லக் கூடாது, கொன்றால் நிலம் பறிமுதல்" என்று தண்டோரா போட்டுவிட்டார். புழுவுக்கு இரங்கிய மகராசன், புழு தின்று மீந்த பயறில் தன் பங்கை மட்டும் குறைக்கவில்லை. புண்ணியம் என்ன கடைச்சரக்கா, பேரம் பேசி வாங்க? கடவுள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்!

பேச்சாயி என்பவளுக்கு ஒரு துண்டு நிலம். அதில் போட்டிருந்த துவரையில் காய்ப்புழு விழுந்தது. அவள் வேப்பங்கொட்டையை இடித்து, துணியில் கட்டி ஊறவைத்து, சாற்றைப் பிழிந்து செடியில் தெளித்தாள். புழு அடங்கிவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் மந்திரி வல்லபராயர். அந்தத் துண்டின் மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். சாறு மீந்திருந்த சட்டியோடு அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்.

"மகாராஜா, இவள் புழுவை விஷம் வைத்துக் கொன்றுவிட்டாள்! நிலத்தைப் பறித்து..."

"உங்களிடம் தர வேண்டும், அதானே?" என்றான் தாண்டவன். ராஜாவைச் சிரிக்கவைக்கவே சபையில் இருந்தவன் அவன்.

"நீ வாயை மூடடா!"

பேச்சாயி அழுதாள். "நான் ஒன்னையும் கொல்லலை சாமி. கசப்பு பிடிக்காம அதுகளே திங்கிறதை விட்டுட்டுப் போயிடுச்சு. நிலம் போனா எம் பிள்ளைங்க பட்டினிதான்."

"கசப்பாம் கசப்பு! யாரிடம் கதை விடுகிறாய்?" என்றார் மந்திரி.

தாண்டவன் எழுந்தான். "சாப்பாட்டு வேளை ஆகிவிட்டது மகாராஜா. சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்." சொல்லிவிட்டு நேராகச் சமையற்கட்டுக்குப் போனான்.

பந்தியில் மந்திரி பருப்பும் நெய்யும் பிசைந்து ஒரு பெரிய உருண்டையை வாயில் போட்டார். போட்ட வேகத்தில் துப்பினார். கண்ணில் தண்ணீர் கொட்ட, இலையைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார்.

"எவனடா என் பருப்பில் கைவைத்தவன்?"

"நான்தான் மந்திரியாரே. பேச்சாயி தெளித்த அதே சாறு, ஒரு கரண்டி."

"பாவி! என்னைக் கொன்றுவிட்டாயே!"

"செத்தவருக்கு இவ்வளவு தொண்டையா?" என்றான் தாண்டவன். "மகாராஜா, மந்திரியார் வாய் வைத்தார், பிடிக்கவில்லை, எழுந்து போய்விட்டார். புழுவும் அவ்வளவுதான் செய்தது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நிலம் பேச்சாயிக்கே! ஆனாலும் தாண்டவா, என் மந்திரியும் புழுவும் ஒன்று என்கிறாயா?"

"சேச்சே, அப்படிச் சொல்வேனா மகாராஜா! புழு போகும்போது பேச்சாயியின் நிலத்தைக் கேட்கவில்லையே."