ஒன்பதாவது இழுப்பறை

இதை எனக்கு முதலில் சொன்னவர் கோயில் வாசலில் பூக்கட்டும் ராஜாமணி அக்கா. என் மூத்தவள் பத்தாவது பரீட்சை எழுதிய வருஷம் அது. அக்கா சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராது. வந்தவரை சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு சின்ன மடம். அதை நடத்திய தாயாரிடம் பூங்காவனம் என்ற அம்மாள் வந்து உட்கார்ந்தார்.

"பூஜையில் மனசு நிற்கவில்லை தாயே."

தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பூங்காவனத்தைவிடப் பத்து வயது இளையவர்.

"ஏன் அம்மா?"

"கண்ணை மூடினால் சாமி வருவதில்லை. செண்பகம் வருகிறாள்."

செண்பகம் அவருடைய ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி.

தாயார் ஒரு கட்டுக் கீரையை அவர் பக்கம் தள்ளினார். அதை ஆய்ந்தபடியே பூங்காவனம் சொன்னார்.

குன்னூரில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டார்கள். கட்டில், நிலைக்கண்ணாடி, சாய்வு நாற்காலி எல்லாம். ஏலத்துக்கு முந்தின நாள் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஓர்ப்படிகள் இரண்டு பேரும் போனார்கள். அங்கே ஒரு ஈட்டி மர மேஜை. அதற்கு ஒன்பது இழுப்பறைகள். ஒன்பதாவது உள்ளங்கை அகலம்தான் இருக்கும். செண்பகம் மேஜையைத் தடவிப் பார்த்துவிட்டு, இது எனக்குத்தான் என்றாளாம்.

"உங்களுக்கும் அது வேண்டியிருந்ததா?"

"இல்லை தாயே. என் வீட்டில் அதை வைக்க இடமே கிடையாது."

"பிறகென்ன?"

"அவளுக்கு இருக்கிறதே. எதை வாங்கினாலும் வைக்க அவளுக்கு இடம் இருக்கிறது."

செண்பகம் ஜன்னல் பக்கம் போன சமயம், பூங்காவனம் அந்தக் குட்டி இழுப்பறையை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார். குறைப்பட்ட சாமானை வீட்டுக்குள் விட மாட்டாள், வேண்டாமென்று போய்விடுவாள் என்று நினைத்தார்.

மறுநாள் ஏலம் போடுகிறவர், ஒரு இழுப்பறை இல்லை, பார்த்துக் கேளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கேட்க வந்த கடைக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். செண்பகத்தின் கை மட்டும் நின்றது.

ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம்.

மேஜை வீட்டுக்கு வந்ததும் செண்பகம் முதல் ஆளாகப் பூங்காவனத்தைத்தான் கூப்பிட்டாள். பாயசம் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"எடுத்தவன் என்ன மடையன் அக்கா. மேஜையை விட்டுவிட்டு டிராயரைக் கொண்டு போயிருக்கிறான். அவன் புண்ணியத்தில் எனக்குப் பாதி விலை."

பாயசத்தை அப்படியே வைத்துவிட்டுப் பூங்காவனம் எழுந்து வந்துவிட்டாராம். அதன் பிறகு மூன்று மாதம் ஓடிவிட்டது. இழுப்பறையைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துப் பார்த்தார். அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். மருமகள் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயம். பயத்தைவிட எரிச்சல்தான் பெரிசு. நான் எடுத்ததுகூட அவளுக்கு லாபமாய்ப் போயிற்றே என்று.

பைக்குள்ளிருந்து இழுப்பறையை எடுத்துத் தாயார் முன்னால் வைத்தார். மடத்து அடுப்புக்காவது ஆகட்டும் என்றார்.

தாயார் கையைத் துடைத்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பிடி கீரையை அதற்குள் போட்டார். பூங்காவனத்திடம் நீட்டினார்.

"இதை மூடுங்கள் அம்மா."

பூங்காவனம் வாங்கிக் கையால் பொத்தினார். பிறகு முந்தானையால் போர்த்தினார்.

"மறைக்கச் சொல்லவில்லை. மூடச் சொன்னேன்."

"எப்படித் தாயே? மேஜைக்குள் தள்ளினால்தானே இது மூடும்?"

"சரி."

"மேஜை அவள் வீட்டில் இருக்கிறது."

தாயார் கீரைக்குத் திரும்பிவிட்டார்.

பூங்காவனம் முந்தானையை விலக்கினார். மடியில் இழுப்பறை திறந்தபடி இருந்தது. கடைசியில் குரல் இறங்கிச் சொன்னார்.

"இது இருந்த பொந்தில் இப்போது பிள்ளையாரை வைத்துப் பூப் போடுகிறாள் தாயே."

"நீங்கள் கிளம்புங்கள் அம்மா. அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்."

பெயர்களை நான் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள். நீங்கள் யாருக்காவது இதைச் சொன்னால், ஊரையும் மாற்றிச் சொல்லுங்கள்.