சுவாமியை வடக்கு வீதிக்கு வரவழைத்த அஞ்சலையம்மையார்

திருக்கொன்றையூரில் நகராட்சித் துப்புரவுப் பணி செய்து வாழ்ந்தவர் அஞ்சலையம்மையார். விடியலில் துடைப்பத்தை எடுக்குமுன் சிவன் கோயில் கோபுரத்தைப் பார்த்து, "அப்பனே, உன் வாசலைக் கூட்டுறேன்" என்பார். அவர் அறிந்த பூசை அதுதான்.

அக்கோயிலின் வடக்கு வீதி முனையில் ஊரார் வேண்டாததையெல்லாம் கொண்டுவந்து போட்டார்கள். பஞ்சு பிதுங்கிய மெத்தை, கால் ஒடிந்த கட்டில், துருப்பிடித்த பீரோ. அன்றாடக் குப்பை வண்டியில் அவற்றை ஏற்ற முடியாது. அவற்றுக்கென வேறு வண்டியும் இல்லை. பல்லக்குத் திரும்ப இடமில்லாமல் போகவே, கோயிலார் திருவிழா உலாவை மேற்கு வீதியோடு முடித்துக்கொண்டார்கள்.

வடக்கு வீதியில்தான் அம்மையாரின் குடிசை இருந்தது. கணவர் மாயாண்டி பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். திருவிழாவன்று அவரை வாசலுக்குத் தூக்கிவந்து சுவாமியைக் காட்டுவது வழக்கம். அதுவும் நின்றுபோயிற்று. இந்த வருஷமாவது சாமி வருமா என்று கேட்டுக் கேட்டே அவர் கண்ணை மூடினார். துக்கம் கேட்க வந்தவர்கள் சாமிக்குக் கண்ணில்லை என்று புலம்ப, அம்மையார் தலையசைத்து மறுத்தார்.

"இவரு சாமியப் பாக்கல, அவ்வளவுதான். சாமி இவரப் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கும்."

காரியம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினார். வேலை நேரம் போக, தனியாளாய்த் தள்ளுவண்டியில் அந்தக் குவியலை ஊருக்கு வெளியே இருந்த குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனார். ஒரு மூலை ஒழிந்தால் மறுநாள் அங்கே வேறொரு சோபா கிடக்கும். ஒருநாள் பீரோ சரிந்து பாதம் நசுங்கியது. அதன்பின் விந்தி விந்தித்தான் நடந்தார்.

கொட்டிய பிறகு அள்ளி மாளாது என்று தெளிந்தவர், வீடு வீடாகப் போய் நின்றார். பழைய சாமான் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று வேண்டினார். நகைக்கடை வைத்தியலிங்கம் சிரித்துவிட்டார்.

"குப்பையப் பிச்சை கேக்குற ஆள இப்பத்தாம்மா பாக்குறேன்."

"ஆமாங்கய்யா. சாமி வர்ற வழிக்காகக் கேக்குறேன். எனக்குன்னா கூச்சமா இருக்கும்."

வைத்தியலிங்கத்தின் வீட்டுப் பழைய கட்டில் அன்றே தள்ளுவண்டியில் ஏறியது. பார்த்த மற்றவர்களும் சொல்லி அனுப்பத் தொடங்கினார்கள். முனையில் குவிவது குறைந்தது கண்டு நகராட்சியார், பெரிய சாமான்களை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்ல வாரம் ஒருநாள் லாரி அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். வீதி பழைய அகலத்துக்கு வந்தது.

அவ்வாண்டுத் திருவிழாவில் பல்லக்கு வடக்கு வீதிக்குள் திரும்பியது. வேலைச் சேலையோடு இருந்த அம்மையார் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். அவருக்கு நேராக வந்ததும் பல்லக்குத் தூக்கிகளுக்குத் தோள் கனத்தது. மேலே ஓர் அடி வைக்க முடியவில்லை. முட்டுக்கொடுத்து இறக்கியபோது சுவாமியின் திருமுகம் அவர் நின்ற பக்கமாகத் திரும்பியிருந்தது. காற்றே இல்லாத அந்த வேளையில் திருமார்பு மாலை தானே நழுவிக் குருக்களின் கையில் விழுந்தது. அவர் யாரையும் கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதை அம்மையாருக்குச் சூட்டினார்.

"தாயே, சுவாமி உங்களைத்தான் பார்க்க வந்திருக்கார்."

அம்மையார் கைகூப்பி அழுதார். அதன்பின் பல்லக்கு பூவைப் போல் எழுந்து நகர்ந்தது. ஊர் கழித்துப் போட்டதைத் தம் கையால் அகற்றி ஈசனுக்கு வழி திறந்த அத்தாயை நினைக்கும் நெஞ்சிலும் அவன் எழுந்தருள்வான்.